மூலை நிரம்பாத முதல் ஷாட்

நாகேந்திரன் எட்டு வருஷமாக ஒரு தப்பை மிகுந்த பக்தியோடு செய்துவந்தார். அது தப்பு என்று போன திங்கட்கிழமைதான் அவருக்குத் தெரிந்தது. கம்பெனி நோட்டீஸ் போர்டில் தெலுங்கில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக இரண்டு காகிதம் ஒட்டியிருந்தார்கள். உள்ளே தயாராகும் ஒரு சாமானின் படம் வெளியே போய்விட்டது, ஆள் யாரென்று தெரியும்வரை ஒருவருக்கும் லீவு கிடையாது என்பது விஷயம். அதைப் படித்துவிட்டு அவர் கேன்டீன் பக்கம் நடந்துபோனாரே, போன வாரம் அங்கேதான் நாம் அவரை விட்டோம்.

இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு அந்தத் தப்பை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீசிட்டியில் பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் கம்பெனி ஒன்றில் நாகேந்திரன் மோல்டு செட்டர். புது அச்சை மிஷினில் ஏற்றி, சூடும் அழுத்தமும் சரிபார்த்து, முதல் பீஸ் விழும்வரை கூடவே நிற்கிறவர். அந்த முதல் பீஸ் அநேகமாக முழுசாக விழாது. ஏதாவது ஒரு மூலைக்குப் பிளாஸ்டிக் போய்ச் சேராமல் குறையாக நிற்கும். ஷார்ட் ஷாட் என்பார்கள். அதை மிஷின் பக்கத்திலிருக்கும் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்து, மூன்று குங்குமப் பொட்டு இட்டு, எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுவது அங்கே வழக்கம். பிறகு அந்தப் பீஸ் கிரைண்டரில் தூளாக வேண்டும். தூளாக்கியாயிற்று என்று இன்ஸ்பெக்‌ஷனில் இருப்பவர் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும்.

சாமிக்கு வைத்ததை யாராவது கிரைண்டரில் போடுவார்களா? நாகேந்திரன் போடமாட்டார். டிபன் பையில் வைத்து நாராயணவனத்துக்குக் கொண்டுவந்து வீட்டுச் சாமி அலமாரியில் வைத்துவிடுவார். கேட்டில் பையைத் திறந்து பார்க்கும் செக்யூரிட்டிக்காரரும் குங்குமத்தைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொண்டு விட்டுவிடுவார். கையெழுத்தை இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கும் கன்னிகா போடுவாள்.

இப்படிச் சேர்ந்ததில் அந்த அலமாரியில் காரில் ஏசி காற்று வரும் ஜன்னல் ஒன்று, கொசு மிஷின் மூடி ஒன்று, டிவி ரிமோட்டின் மேல்தோல் இரண்டு. "பெருமாளுக்கு உக்கார எடம் இல்ல, நீங்க இன்னும் சாமான் கொண்டாந்துகினு கீறீங்க" என்று அவர் மனைவி சந்திரம்மா சொல்வாள். சொல்லிவிட்டு அதற்கும் சேர்த்துத்தான் கற்பூரம் காட்டுவாள்.

கடைசியாக வந்து சேர்ந்தது மாடல் நாற்பத்தேழு. நடுவில் பெரிய ஜன்னல், இரண்டு பக்கமும் வட்ட ஓட்டை, வலதுபக்கக் கீழ் மூலை நிரம்பாமல். அது என்ன சாமான் என்று வார்க்கிற ஒருவருக்கும் தெரியாது. பிள்ளைகளின் சிலேட்டு என்றான் பக்கத்து மிஷின் சம்பத். கல்யாண போட்டோ மாட்டுகிற ஃபிரேம் என்றாள் கன்னிகா. கார்டு தேய்க்கிற மிஷினுக்கு மூடியாக இருக்கும் என்பது நாகேந்திரனின் முடிவு.

வீட்டு அலமாரியில் இருப்பதன் படம்தான் வெளியே போயிருக்கும் என்று அவருக்கு நோட்டீஸைப் படித்த நிமிஷமே புரிந்துவிட்டது. ஆனாலும் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வீட்டில் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். அதனால் வந்து கைகால் கழுவி, போட்டதைத் தின்று, படுத்தார்.

வியாழக்கிழமை காலை நாலே முக்காலுக்குக் கம்பெனி பஸ் வந்தது. நாகேந்திரன் ஏறி, முன்பக்கம் பெண்கள் வரிசையில் ஒரு சீட்டில் டிபன் பையை வைத்துவிட்டு அதற்கு நேர் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தார். பிச்சாட்டூரில் கன்னிகா ஏறுவாள். அதற்குள் பஸ் நிரம்பிவிடும் என்பதால் தினமும் அவர் செய்வது இது.

கன்னிகாவுக்கு நாற்பது வயது. புருஷன் தவறி ஒன்பது வருஷம். இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். கான்ட்ராக்டில் இருக்கிறாள். அடுத்த மாசம் பர்மனென்ட் ஆகிறவர்கள் லிஸ்டில் அவள் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை லிஸ்டில் சேர்க்கச் சொல்லி மேலே போய்ப் பேசினவர் நாகேந்திரன்தான்.

பையை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

"அண்ணா, இன்னிக்கு நம்மள கூப்புடுவாங்களாம். சம்பத்து சொன்னான்."

"கூப்புட்டா போவோம்."

"நீ இன்னா ஒரு மாதிரி கீறே? ஒடம்பு சரியில்லியா?"

"நல்லாதான் கீறேன்."

அது பொய்யில்லை. அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பயம் என்று தனியாக ஒன்று வரவில்லை, துக்கமும் வரவில்லை. புத்தூரில் பல் பிடுங்கியபோது ஊசி போட்ட கன்னம் தன்னுடையதா அடுத்தவனுடையதா என்று தெரியாமல் கிடந்ததே, அப்படி இருந்தது உடம்பு முழுக்க.

பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள்.

எச்.ஆர். அறையில் ஏசி ஜாஸ்தி. மேஜைக்குப் பின்னால் எச்.ஆர். மேடம், பக்கத்தில் புரொடக்‌ஷன் மேனேஜர் பாலசுப்பிரமணியன். மேடம் விசாகப்பட்டினத்துக்காரர், தமிழ் வராது. மேனேஜருக்குத் தமிழ் வரும், ஆனால் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு போனில் யாருக்கோ ஆங்கிலத்தில் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். மேடம் லேப்டாப்பை நாகேந்திரன் பக்கம் திருப்பினார். யூடியூபில் ஒரு வீடியோ. மூன்று லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

"மீக்கு தமிழ் வச்சு கதா? ஏம் செப்துந்தி ஈ அம்மாயி?" என்றார் மேடம். உங்களுக்குத்தான் தமிழ் தெரியுமே, இந்தப் பொண்ணு என்ன சொல்கிறாள் என்று சொல்லுங்கள் என்கிறார்.

வீடியோவில் முகம் இல்லை, குரல் மட்டும்தான்.

"வணக்கம் மக்களே, இது கேம் கொட்டகை. அடுத்த வருஷம் வரப்போற கேம் பெட்டிக்கு கன்ட்ரோலர் எப்பிடி இருக்கும்னு ஊரே மண்டைய ஒடச்சிகினு கீது. என் கையில ஒண்ணு சிக்கிச்சு. பாருங்க."

அது அவர் மகள் தரணி.

காலேஜ் முடித்துவிட்டுத் திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கும் தரணி. மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, சாமி அலமாரியைத் தான் துடைப்பதாகச் சொல்லி அம்மாவை ஆச்சரியப்படுத்திய தரணி. அவள் யூடியூபில் கொட்டகை ஒன்று வைத்திருப்பது அப்பாவுக்குத் தெரியாது.

"செப்பண்டி" என்றார் மேடம்.

நாகேந்திரன் சொல்ல ஆரம்பித்தார். மகள் தமிழில் ஒவ்வொரு வாக்கியமாகப் பேச, அப்பா அதைத் தெலுங்கில் திருப்பிச் சொன்னார். நடுவில் இருக்கும் ஜன்னல் ஆறு இன்ச். அது திரைக்கு. இரண்டு வட்டமும் கட்டைவிரலால் ஆட்டுகிற குச்சிக்கு. அப்படியானால் இது கன்ட்ரோலரா, டேப்லெட்டா? இரண்டும்தான். இதுவரை டிவியில் தெரிந்த ஆட்டம் இனிமேல் கைக்கே வந்துவிடும். வீட்டில் ஒரே டிவி, அதில் அம்மா சீரியல் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன, நீங்கள் பாட்டுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து ஆடலாம்.

அவர் குரல் சீராக இருந்தது. எட்டு வாரமாகத் தான் வார்ப்பது என்ன சாமான் என்று அவருக்கே இப்போதுதான் தெரிகிறது. நன்றாகத்தான் பேசுகிறாள் பெண் என்றுகூட ஒரு நினைப்பு வந்து போனது.

"ஆனா ஒரு கேள்வி கீது மக்களே. வீட்டுல நாலு பேர்னா நாலு டேப்லெட்டா, ஒண்ணுதானா? ஒண்ணுன்னா சண்டை. நாலுன்னா வெலை. அப்புறம் இந்த வலது மூலைய பாருங்க. ஒரு வெட்டு கீது. சார்ஜர் சொருகுற எடம்னு சிலபேர் சொல்றாங்க, கேமரான்னு சிலபேர். எனக்கென்னமோ அது பேனா சொருகுற எடம்னு படுது."

பாலசுப்பிரமணியன் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கமென்ட்டுல போய்ப் பாருங்க நாகேந்திரன். நாலாயிரம் பேர் அந்த மூலைக்காக அடிச்சுக்கிறான். பேனாங்கிறான், கேமராங்கிறான். ஷார்ட் ஷாட்டுய்யா அது. பிளாஸ்டிக் போகல, அவ்வளவுதான்." அவர் சிரிக்கவில்லை. "முதல் பீஸைத் தவிர வேற எதுலயும் இந்தக் குறை கிடையாது. அந்தப் பீஸ் தூளாயிடுச்சுன்னு ரிஜிஸ்டர் சொல்லுது. கிரைண்டிங்குக்கு நீங்க ஒப்படைச்சீங்களா இல்லையா?"

சொல்லவேண்டியது ஒரே வாக்கியம். நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அது அவருக்குத் தெரிந்தே இருந்தது. வாயைத் திறந்தார்.

"ரிஜிஸ்டர்ல கீதே சார்."

இதைப் பொய் என்றும் சொல்ல முடியாது, உண்மை என்றும் சொல்ல முடியாது. கோழைகளுக்கென்றே மொழியில் இப்படிச் சில வாக்கியங்கள் இருக்கின்றன. எனக்கு நாகேந்திரனைப் பிடிக்கும், ஆனாலும் இதை மறைக்க மாட்டேன்.

கன்னிகாவை வரச்சொன்னார்கள். அவளுக்கு வீடியோ காட்டவில்லை. படத்தைப் பெரிதாக அச்செடுத்த ஒரு காகிதத்தை நீட்டினார்கள். குங்குமப் பொட்டோடு மாடல் நாற்பத்தேழு. ஓரத்தை வெட்டித்தான் போட்டிருந்தாள் தரணி. ஆனாலும் இடது ஓரத்தில் ஒரு பித்தளை விளக்கின் மேல்பாகம் கொஞ்சம் வந்திருந்தது. விளக்கின் உச்சியில் அன்னம். அன்னத்துக்கு மூக்கு இல்லை.

தன் வீட்டு விளக்கை நாகேந்திரன் பார்த்தார். பிறகு கன்னிகாவைப் பார்த்தார். அவள் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது கிரைண்டர்ல போனத நீ பாத்தியாம்மா?" என்றார் பாலசுப்பிரமணியன்.

"பாக்கல சார்."

"பாக்காம எதுக்குக் கையெழுத்துப் போட்ட?"

"ஸ்க்ராப் டப்பாவுல போட்டேன் சார். கிரைண்டருக்குப் போயிருக்கும்னு நெனச்சு போட்டுட்டேன். நடுவுல யாரு எடுத்தாங்கன்னு தெரியாது."

"இது யார் வீடுன்னு ஏதாவது தோணுதா?"

"எல்லார் வீட்டுலயும்தான் வெளக்கு கீது சார்."

நாகேந்திரனுக்கு அந்தப் பீஸை அவள் ஸ்க்ராப் டப்பாவில் போடவில்லை என்பது தெரியும். அவள் கையால் தொடக்கூட இல்லை. எப்போதும்போல அவர் 'சாமிக்கு' என்றார், அவள் கையெழுத்துப் போட்டாள். இப்போது ஏன் இப்படிச் சொல்கிறாள் என்று அவர் யோசிக்க முயன்றார். ரிஜிஸ்டரைக் கண்டு பயந்துவிட்டாள் போலிருக்கிறது, என்ன சொல்வதென்று தெரியாமல் உளறுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைப்பது சுலபமாக இருந்தது.

பதினொன்றரை மணிக்குக் கன்னிகா தன் பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தாள். மிஷின் பக்கத்திலிருந்த கண்ணாடி வழியாக நாகேந்திரன் பார்த்தார். அவள் செக்யூரிட்டியிடம் ஏதோ சொன்னாள், அவர் தலையாட்டினார், வெளியே வந்த ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். அவர் திரும்பி மிஷினைப் பார்த்தார். மாடல் நாற்பத்தேழு இருபத்தெட்டு நொடிக்கு ஒன்றாக விழுந்துகொண்டிருந்தது. நாலு மூலையும் நன்றாக நிரம்பியிருந்தது.

அதே நேரம் திருப்பதியில், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய இன்ஸ்டிட்யூட்டின் மாடிப்படியில் உட்கார்ந்து தரணியும் அவள் தோழி ரூபாவும் கமென்ட் படித்துக்கொண்டிருந்தார்கள். ரூபா வாய்விட்டுப் படிப்பாள், தரணி சிரிப்பாள். நாலு நாளாக இதுதான் சாப்பாடு.

"இங்க பாரு, ஒருத்தன் உன் பேனாவுக்கு எத்தினி மில்லிமீட்டர்னு கணக்கு போட்டுகினு கீறான். இன்னொருத்தன் சொல்றான், அது தாயத்து கட்டுற எடமாம்."

"குங்குமம் வெச்சிருக்குல்ல, அதான்."

"இது இன்னாடி?" ரூபாவின் குரல் மாறியது. மெதுவாகப் படித்தாள். "தங்கச்சி, அது பேனாவும் இல்ல கேமராவும் இல்ல. நான் பதினஞ்சு வருஷமா மோல்டிங் கம்பெனியில இருக்கேன். அது ஷார்ட் ஷாட், முதல் பீஸ். தூளாக்கிட்டோம்னு யாராவது கையெழுத்துப் போட்டாத்தான் கணக்கு முடியும். உன் வீட்டுக்கு அது வந்திருக்குன்னா கையெழுத்துப் போட்டவங்க வேலை போயிருக்கும். வீடியோவை எடுத்திடும்மா."

தரணி போனை வாங்கி இன்னொரு தடவை படித்தாள்.

அவளுக்கு அந்தச் சாமான் ஒரு ரகசியம் என்றே தெரியாது. ரகசியத்துக்கு யாராவது குங்குமம் வைத்துத் தினமும் கற்பூரம் காட்டுவார்களா? சின்ன வயசிலிருந்து அலமாரியில் பார்த்ததில் அதுவும் ஒன்று. இந்தத் தடவை வந்தது பார்க்கக் கன்ட்ரோலர் மாதிரி அழகாக இருந்தது, ஒரு ஊகத்தில் பேசிப் போட்டுவிட்டாள், அவ்வளவுதான்.

"தூக்கிடு" என்றாள் ரூபா.

தரணி தூக்கினாள். மூன்று லட்சம் பேர் பார்த்த வீடியோ விரலால் இரண்டு தடவை தட்டியதில் போய்விட்டது. எழுந்து புத்தூர் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். ரேணிகுண்டா தாண்டியும் வரவில்லை.

நாலு மணிக்கு நாகேந்திரன் வீட்டுக்கு வந்தபோது தரணி சாமி அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மாடல் நாற்பத்தேழு. சந்திரம்மா சுவரில் சாய்ந்து நின்றாள். டிவி அணைந்திருந்தது, அந்த வீட்டில் நாலு மணிக்கு அது நடக்காத காரியம்.

"நைனா, நான்தான்."

"தெரியும்."

"எப்பிடி?"

"காலைல ஆபீஸ்ல போட்டுக் காமிச்சாங்க. நான்தான் தெலுங்குல சொன்னேன்."

தரணி அவர் முகத்தைப் பார்த்தாள். கோபத்தைத் தேடினாள், கிடைக்கவில்லை.

"வெளிய காட்டக்கூடாத சாமான்னு எனக்குத் தெரியாது நைனா. நீயும் சொல்லல."

"எனக்கே தெரியாது. நான் எங்கேந்து சொல்ல?"

"உன்ன இன்னா பண்ணாங்க?"

"என்ன ஒண்ணும் பண்ணல. கன்னிகாவ அனுப்பிட்டாங்க."

அவர் பையை ஆணியில் மாட்டினார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். ஒவ்வொன்றும் தானாக நடந்தது. சந்திரம்மா சுவரை விட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க இன்னா சொன்னீங்க அங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமேவா?"

அவர் கொடியில் கிடந்த சட்டையை நேராக இழுத்துவிட்டார். அவள் திரும்பவும் கேட்கவில்லை. இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அதுவே போதும்.

"நான் நாளைக்கு வந்து சொல்லிடறேன் நைனா. வீடியோ போட்டது நான்தான்னு" என்றாள் தரணி.

"நீ வந்தா, எப்பிடி கெடச்சுதுன்னு கேப்பாங்க. கடைசில என்கிட்டதான் வந்து நிக்கும். அதுக்கு நானே சொல்லிக்கலாம்." சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. "பாவம் கன்னிகா. பயத்துல டப்பாவுல போட்டேன் கிப்பாவுல போட்டேன்னு இன்னா இன்னாவோ உளறினா. போட்டாவப் பாத்தும் அவளுக்கு ஒண்ணும் வெளங்கல."

"வெளங்காது நைனா. ஓரமெல்லாம் வெட்டித்தான் போட்டேன். வெளக்கு மட்டும் தம்மாத்துண்டு வந்துச்சு. அத வெச்சு யாரு கண்டுபுடிக்கப் போறாங்க?"

சந்திரம்மா மகளைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"வெளக்கு தெரிஞ்சுதா அந்தப் போட்டாவுல?"

"மேல மட்டும். அன்னம்."

"மூக்கு ஒடஞ்சது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. இன்னாத்துக்கு?"

"அது கன்னிகா குடுத்த வெளக்குங்க" என்றாள் சந்திரம்மா. "இந்த ஊட்டு கிரகப்பிரவேசத்துக்கு பிச்சாட்டூர்லேந்து பஸ்ல மடியில வெச்சிகினு வந்தா. எறங்கும்போது கம்பியில பட்டு மூக்கு ஒடஞ்சிபோச்சி. வாசல்ல நின்னுகினு அழுதா, நான்தான் உள்ள இட்டாந்தேன். வேற வாங்கித் தரேன்னு ஆறு மாசம் சொல்லிகினே இருந்தா. உங்களுக்கு நெனப்பில்லியா?"

நாகேந்திரனுக்கு நினைப்பு இல்லை. அந்த விளக்கு எப்போதும் அங்கே இருந்தது, அதற்கு மூக்கு எப்போதும் இல்லை. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

காகிதத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து அவள் ரொம்ப நேரம் பார்த்தது இப்போது திரும்பவும் கண்முன் வந்தது. எல்லார் வீட்டிலும்தான் விளக்கு இருக்கிறது என்று சொன்னபோது அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

காலையிலிருந்து மரத்துக் கிடந்த உடம்பில் முதலில் நாக்குக்குத்தான் உயிர் வந்தது. வாய் கசந்தது. வெட்கமாக இருந்தது. மகள் முன்னால் நிற்க முடியாமல் வாசல் படிக்குப் போய், போனை எடுத்து கன்னிகாவின் நம்பரைப் போட்டார். எடுக்க மாட்டாள் என்று நினைத்தார். எடுக்காமல் இருந்தால் தேவலை என்றும் நினைத்தார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அண்ணா, சொல்லு."

அந்தப் பக்கம் குக்கர் சத்தமும், ஒரு பெண் பாடம் படிக்கிற சத்தமும் கேட்டன.

"துன்னியாணா?" என்றாள் அவள்.

"இல்ல."

"போய் துன்னு மொதல்ல. பாப்பாதான் போட்டா எடுத்திருக்கும், அத ஒண்ணும் திட்டாதே, சின்னப் பொண்ணு." குக்கரை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. "ட்ரெஸ்ஸு, ஷூவு, கார்டு எல்லாத்தையும் நாளைக்கு வந்து ஒப்படைச்சிட்டுப் போவணுமாம். கம்பெனி பஸ்லயே வரலாம்னு செக்யூரிட்டி சொன்னாரு. நீ எப்பவும்போல பைய வெச்சு எனக்கு சீட்டு புடிச்சு வையிணா."

"வெக்கறேன்" என்றார் நாகேந்திரன்.

உள்ளே வந்து டிபன் பையை ஆணியிலிருந்து எடுத்தார். காலி டப்பாவை வெளியே வைத்தார். தரணியின் மடியிலிருந்த மாடல் நாற்பத்தேழை, குங்குமம் கலையாமல், பைக்குள் வைத்து மூடினார்.

"எங்க நைனா எடுத்துகினு போறே?" என்றாள் தரணி.

"மேனேஜர் கிட்ட" என்று சொல்லி அவர் பையைத் திரும்ப ஆணியில் மாட்டினார். நாளைக்கும் அதே சீட்டில் வைக்கவேண்டிய பை அது.